லண்டனிலிருந்து வந்த லின் எல்பி12: எதைத் துடைக்கலாம், எதைத் தொடக்கூடாது

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பெரியப்பா 1980களில் லண்டனில் வாங்கிய லின் சோண்டெக் எல்பி12 டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டு ஓட்டும் மெஷின், இப்போது கோயம்புத்தூரில் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. இரண்டு வருடமாக ஓடவில்லை. மேலெல்லாம் தூசி. ஈரத் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு ஓட வைக்கலாமா, அப்புறம் வருடா வருடம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணெய் விடாதீர்கள். பிளக்கையும் இப்போதைக்குச் சொருகாதீர்கள். இந்த மெஷின் கவனிக்காமல் விட்டதால் கெட்டதைவிட, அக்கறையோடு அளவுக்கு மீறிக் கவனித்ததால் கெட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முப்பது நாற்பது வருடம் ஓடிய எல்பி12கள் இன்றும் ஓடுகின்றன. 1970களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் லின் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவர் டீஃபென்ப்ரன் கொண்டுவந்த வடிவமைப்பு இது. இன்றும் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில்தான் தயாராகிறது. நடுவில் பல பாகங்கள் மாறினாலும் அடிப்படை அப்படியே இருக்கிறது. அதனால் பயப்பட ஒன்றுமில்லை. எதை நாம் செய்யலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் அந்த எண்ணெய் விஷயம். மூடியைத் திறந்து, மேலே கிடக்கும் ஃபெல்ட் விரிப்பை எடுத்தால் கனமான வெளி பிளாட்டர், அதாவது இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் வட்டத் தட்டு, தெரியும். அதைத் தூக்கினால் உள்ளே சின்னதாக இன்னொரு பிளாட்டர். பெல்ட் இந்த உள் பிளாட்டரைச் சுற்றித்தான் ஓடுகிறது. உள் பிளாட்டரின் அடியில் ஒரு எஃகுத் தண்டு இருக்கிறது. அதன் நுனி கூரானது. எண்ணெய் நிறைந்த ஒரு குழாய்க்குள் அந்த ஒரே நுனியில்தான் மொத்த எடையும் நின்று சுழல்கிறது. தண்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகமிகக் குறைவு. எவ்வளவு குறைவு என்று கண்ணாலேயே பார்க்கலாம். தண்டைக் குழாய் வாயில் வைத்து விட்டுவிட்டால் பொத்தென்று விழாது. உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி தேடித் தேடி, பிளாட்டர் தானாக மெதுவாக அமிழும். முழுதாக உட்கார்ந்து முடிக்கச் சில நிமிடம்கூட ஆகும். அதுவரை கையால் அழுத்தக்கூடாது. அழுத்தினால் எண்ணெய் மேலே பொங்கி வழியும்.

அந்தக் குழாய்க்கு லின் தரும் கருப்பு எண்ணெய் ஒன்று உண்டு. அது மட்டும்தான். தையல் மெஷின் எண்ணெய் அதைவிட நீர்த்தது, பழைய எண்ணெயோடு கலந்தால் இரண்டின் குணமும் போய்விடும். உங்கள் மெஷின் கப்பலிலோ விமானத்திலோ வந்திருக்கிறது. உள் பிளாட்டரைக் கழற்றிக் குழாய் வாயை அடைத்து அனுப்பினார்களா, அப்படியே அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினார்களா என்பது முக்கியம். சாய்ந்தோ தலைகீழாகவோ வந்திருந்தால் எண்ணெய் வழிந்திருக்கும். குழாயைச் சுற்றியும் பெட்டியின் அடியிலும் கருப்பாக எண்ணெய்த் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தடம் இருந்தால் ஓட்டவே வேண்டாம். குழாயைச் சுத்தமாகத் துடைத்து, புது எண்ணெயைச் சரியான அளவு நிரப்பிய பிறகுதான் அது சுழல வேண்டும். துடைக்கும்போது பஞ்சு வைத்த குச்சி ஆகாது, ஒரு இழை உள்ளே தங்கினாலும் வம்பு. நூல் பிரியாத துணிதான். தடம் ஒன்றும் இல்லை, பிளாட்டர் நான் சொன்னபடி நிதானமாக அமிழ்கிறது, கையால் சுற்றினால் சத்தமில்லாமல் சுற்றுகிறது என்றால் இந்தத் தண்டும் குழாயும் சேர்ந்த பேரிங்கைத் தொடாதீர்கள். நான் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் எண்ணெய் மாற்றுகிறேன். வருடா வருடம் மாற்றத் தேவையில்லை.

பிளக் விஷயத்துக்கு வருகிறேன். 1982க்குப் பிறகு வந்த எல்பி12 என்றால் உள்ளே வல்ஹல்லா என்ற மின்சார போர்டு இருக்க வாய்ப்பு அதிகம். மோட்டாருக்கு வேண்டிய மின்சார அதிர்வெண்ணை அந்த போர்டே குவார்ட்ஸ் படிகத்தின் துணையோடு உண்டாக்கிக்கொள்ளும். நல்ல போர்டுதான், ஆனால் அதில் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு வயது நாற்பதை நெருங்கியிருக்கும். சில பாகங்கள் ஓடும்போது நன்றாகச் சூடேறும். கெப்பாசிட்டர்களை மாற்றிவிட்டு ஓட்டுவது புத்திசாலித்தனம். இதை நீங்களே செய்ய வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும், ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு. பவர் சப்ளை வேலை தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் ஆளிடம் போர்டை மட்டும் கொடுங்கள்.

போர்டு இல்லாத பழைய மாடல் என்றால் மோட்டார் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்து ஓடும். இங்கிலாந்திலும் 50 ஹெர்ட்ஸ், இங்கேயும் 50 ஹெர்ட்ஸ், அதனால் உங்களுக்குச் சிக்கலில்லை. இதே மெஷின் அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்திருந்தால் வோல்டேஜைச் சரிசெய்தாலும் போதாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த புல்லி, அதாவது பெல்ட்டை இழுக்கும் மோட்டார் முனைச் சக்கரம், இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் கேட்பார். இன்னொன்று, வீட்டு இன்வெர்ட்டர். நம் ஊர் வீடுகளில் இருக்கும் பழைய இன்வெர்ட்டர்கள் பல சதுர அலை தருபவை. அதில் இந்த மோட்டார் உறுமும், சூடேறும். கரண்ட் போனால் பாட்டை நிறுத்திவிடுங்கள், அல்லது சைன் அலை தரும் இன்வெர்ட்டர் வையுங்கள்.

சரி, இதெல்லாம் பார்த்தாயிற்று. இப்போது துடைக்கலாம். துடைப்பதற்கு முன்னால் ஆர்மை, அதாவது ஊசியைத் தாங்கும் நீண்ட கையை, அதன் தாங்கியில் வைத்துப் பூட்டுங்கள். ஊசிக்கு மேல் அதன் பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். இது இல்லாமல் துணியைக் கையில் எடுக்கவே கூடாது. எனக்கு இது ஒரு கார்ட்ரிட்ஜை, அதாவது ஆர்மின் நுனியில் ஊசியோடு இருக்கும் சின்னப் பாகத்தை, இழந்த பிறகு வந்த பழக்கம். மைக்ரோஃபைபர் துணியால் பெட்டியின் முன் ஓரத்தைத்தான் துடைத்தேன். துணியின் நுனி ஊசியின் மேல் படர்ந்ததைப் பார்க்கவில்லை. அந்தத் துணியில் கண்ணுக்குத் தெரியாத வளையம் வளையமாக நூல் இருக்கும். இழுத்தபோது எந்தத் தடையும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. அப்புறம் பார்த்தால் கான்டிலீவர், அதாவது வைரத்தைத் தாங்கும் அந்த முடி போன்ற குச்சி, துணியோடு வந்துவிட்டது. வீட்டில் கூட்டித் துடைக்க வருகிறவர்களிடமும் இதைத் தொட வேண்டாம் என்று அன்பாகச் சொல்லி வையுங்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடு துடைத்து, அப்புறம் மனம் வருந்தும்படி ஆகக்கூடாது.

மூடி அக்ரிலிக். கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவம், ஸ்பிரிட், இரண்டும் அதற்கு எதிரி. அப்போது பளபளவென்று தெரியும், நாளாவட்டத்தில் சிலந்தி வலை போல விரிசல் விடும். டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணி போதும். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மூடியில் நிலைமின்சாரம் ஏறி, துடைத்த கையோடு தூசியை மறுபடி இழுத்துக்கொள்ளும். மரப் பெட்டிக்கு உலர்ந்த மென்துணி, வருடத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் மெழுகு. மரச்சாமானுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம், அது காற்றில் பறந்து பெல்ட்டிலும் ஊசியிலும் படியும். ஃபெல்ட் விரிப்பைத் துவைக்காதீர்கள். துணியில் ஒட்டிய முடி எடுக்கும் ஒட்டு உருளையை அதன் மேல் உருட்டினால் போதும்.

பெல்ட்தான் நீங்களே செய்து, காதாலேயே பலனைக் கேட்கக்கூடிய வேலை. ஒரு சம்பவம் சொல்கிறேன். என் எல்பி12இல் ஒரு கச்சேரி இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினார், தம்பூரா மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சுருதி லேசாக ஆடியது. பாட்டு நடக்கும்போது தெரியவில்லை, கமகத்தில் ஒளிந்துகொண்டது. தம்பூரா ஒரே நாதமாக நிற்பதால் அது மறைக்காமல் காட்டிவிட்டது. முதலில் மோட்டார் என்று நினைத்தேன், அப்புறம் பேரிங் என்று. கடைசியில் பெல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு இடத்தில் விரல் தடம் மினுமினுத்தது. முந்தின வாரம் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு பெல்ட்டைத் தொட்டிருக்கிறேன். அவ்வளவுதான் காரணம். அந்த இடம் புல்லிக்கு வரும்போதெல்லாம் பெல்ட் நூலளவு வழுக்கியது.

செய்ய வேண்டியது இது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். வெளி பிளாட்டரை இரண்டு கையாலும் நேராக மேலே தூக்கி, மெத்தென்ற துணியில் வையுங்கள். பெல்ட்டைக் கழற்றும்போதே எந்தப் பக்கம் உள்ளே இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் அப்படியே மாட்ட வேண்டும். நூல் விடாத துணியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சம் நனைத்து, பெல்ட்டின் இரு பக்கமும் இழுக்காமல் துடையுங்கள். உள் பிளாட்டரின் விளிம்பையும் மோட்டார் புல்லியையும் அதே மாதிரி. புல்லியில் கருப்பாக ஒரு பட்டை படிந்திருக்கும், அது துணியில் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். மருந்துக்கடை சானிடைசரால் துடைக்காதீர்கள், அதில் கிளிசரின் இருக்கும், துடைத்த இடம் பிசுக்காகும். பெல்ட்டில் விரிசலோ தளர்ச்சியோ தெரிந்தால் புதிது வாங்கிவிடுங்கள். உங்களுடையது இத்தனை காலம் புல்லியைச் சுற்றியே நின்றிருந்தால் அந்த வளைவு அதில் பதிந்திருக்கும். நானாக இருந்தால் யோசிக்காமல் மாற்றுவேன். மாட்டிய பிறகு தம்பூராவோ, வீணையில் நீண்டு நிற்கும் ஒரு ஸ்வரமோ இருக்கும் இசைத்தட்டைப் போட்டுக் கேளுங்கள்.

ஊசிக்கு வருவோம். எல்பி இசைத்தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் விநாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஊசிக்கு அடியில் ஓடுகிறது. உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில் அதில் பாதிகூட இல்லை. பள்ளத்தின் அகலமோ ஒரு தலைமுடிக்கும் குறைவு. அதில் இருக்கும் தூசியை ஊசி உழுதுகொண்டே போகிறது. பத்து எல்பி ஓடிய ஊசியை லென்ஸ் வைத்துப் பார்த்தால் வைரத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு கட்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு பக்கமும் போடுவதற்கு முன் ஊசியைத் துடைக்க வேண்டும். கார்ட்ரிட்ஜோடு வரும் சின்னப் பிரஷ் போதும், உலர்ந்தபடியே. திசைதான் முக்கியம். ஆர்மின் மூட்டு இருக்கும் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி மட்டும். இசைத்தட்டும் ஊசிக்கு அடியில் அதே திசையில்தான் ஓடுகிறது, கான்டிலீவர் அதற்குப் பழகியது. முன்னிருந்து பின்னாகவோ குறுக்காகவோ இழுத்தால் வளைந்துவிடும். துடைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் ஒலியைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் அலறும். ஆல்கஹாலைத் தினமும் ஊசியில் தடவுவது எனக்குப் பிடிக்காது. வைரத்தை ஒட்டிய பசைக்குள்ளும் கான்டிலீவரைத் தாங்கும் ரப்பருக்குள்ளும் அது ஏறும். பிடிவாதமான அழுக்கு என்றால் ஊசி துடைப்பதற்கென்றே வரும் மெத்தென்ற ஜெல் கிடைக்கிறது. லிஃப்ட் நெம்புகோலால் ஊசியை அதன் மேல் நேராக இறக்கி, நேராக ஏற்றினால் அழுக்கு ஜெல்லில் ஒட்டிக்கொள்ளும்.

பெரியப்பாவின் கார்ட்ரிட்ஜ் எது என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அந்தக் காலத்தில் மாட்டியது என்றால் ரப்பர் இறுகியிருக்கும், ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்றும் யாருக்கும் தெரியாது. நல்ல வைரம் பராமரித்தால் 1000 மணி நேரம் வரை வரும். ஒரு எல்பி 40 நிமிடம் என்று வைத்தால் 1500 எல்பி, தினம் ஒன்று கேட்டால் நான்கு வருடம். தேய்ந்த ஊசி இசைத்தட்டுகளைச் செதுக்கிவிடும், திரும்பப் பெற வழியே இல்லை. பெரியப்பாவின் எல்பிகளை அந்த ஊசியால் ஓட்டாதீர்கள். கார்ட்ரிட்ஜ் காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகை என்றால் ஊசியை மட்டும் நாமே கழற்றிப் புதிது சொருகலாம். கம்பிச்சுருள் அசையும் மூவிங் காயில் வகையில் அது முடியாது, அனுப்பித்தான் மாற்ற வேண்டும். அந்த வகையில் காந்தமும் பலமானது. எஃகு ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்தில் கொண்டுபோனால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், நடுவில் மாட்டுவது கான்டிலீவர்தான்.

ஊசி இசைத்தட்டை அழுத்தும் எடையைப் பற்றி ஒரு வார்த்தை. கார்ட்ரிட்ஜ் தயாரித்தவர் சொல்லும் எடையைத் தராசு வைத்துப் போடுங்கள், பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு கிராமுக்குள் இருக்கும். இசைத்தட்டு தேயாமல் இருக்கட்டும் என்று சிலர் குறைத்து வைப்பார்கள். உண்மையில் எடை குறைந்தால்தான் ஊசி பள்ளத்தின் சுவரில் தாவித் தாவி அடிக்கும். ஆர்மின் பேரிங்குகளுக்கு எண்ணெய் என்பதே கிடையாது, ஒரு சொட்டுகூட.

இப்போது இந்த மெஷினின் உயிர்நாடியான ஸ்பிரிங்குகள். பிளாட்டரும் ஆர்மும் ஒரு உள் சட்டத்தில் இருக்கின்றன. அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. அதனால் இந்த மெஷின் ஆடும், ஆடத்தான் வேண்டும். பல வருடத்துக்கு முன்னால் மோட்டார் சத்தத்துக்காக என் மெஷினை ஒருவரிடம் கொடுத்தேன். கெட்டிக்காரர், நிறைய டர்ன்டேபிள் பார்த்தவர், ஆனால் இந்த வகை பார்த்ததில்லை. "ரொம்ப ஆடுச்சு சார், சரி பண்ணிட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தார். அடியில் திறந்து பார்த்தால் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே ஸ்பாஞ்சு திணித்து, நட்டுகளை முழுக்க இறுக்கியிருந்தார். தெருவில் லாரி போனால் ஸ்பீக்கரில் கேட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நான்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் "இது ஆடும், அப்படியே இருக்கட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். மெஷினை வைக்கும் மேசையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். பிளாட்டரின் நடுவே விரலால் லேசாக அழுத்தி விடுங்கள். நேர் மேலும் கீழுமாக, பிஸ்டன் மாதிரி, சில தடவை ஆடி அடங்க வேண்டும். பக்கவாட்டில் நெளிந்தாலோ, ஆர்ம் பக்கம் தாழ்ந்திருந்தாலோ, பிளாட்டரைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரு பக்கம் குறுகியிருந்தாலோ, ஸ்பிரிங்கைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பது வருட ரப்பர், வேறெப்படி இருக்கும்? இந்த வேலையை மட்டும் எல்பி12 அமைத்துப் பழகியவரிடம் விடுங்கள். மெஷினை ஒரு தாங்கியில் உயர்த்தி வைத்து, அடியிலிருந்து நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஆர்ம் வயர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்றுகூடப் பார்த்துச் செய்வார்கள். ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் பல வருடம் நிற்கும்.

வைக்கும் இடமும் பராமரிப்பில் சேர்த்திதான். நம் வீட்டு சிமென்ட் தரை இந்த மெஷினுக்கு நல்லது, மரத்தரை போல நடக்கும்போது அதிராது. மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், இறக்கையில் சேர்ந்த தூசியெல்லாம் பிளாட்டரில்தான் இறங்கும். ஜன்னல் வெயிலும் படக்கூடாது. கடலோரமாக இருக்கும் எனக்கு பிளக் முனைகளில் பச்சை பூப்பது பெரிய தொல்லை. கோவையில் அவ்வளவு இருக்காது, ஆனாலும் வருடம் ஒருமுறை ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, பின்னால் இருக்கும் பிளக்குகளை உருவித் துடைத்துச் சொருகுங்கள். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைந்தால் முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள்.

ஊசிக்கு வரும் அழுக்கு இசைத்தட்டிலிருந்துதான் வருகிறது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். போடுவதற்கு முன் கார்பன் இழைப் பிரஷால் ஒரு சுற்று. பூஞ்சை பிடித்த எல்பியை லேபிள் நனையாமல் டிஸ்டில்டு வாட்டரில் கழுவுங்கள். அதில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலக்கலாம். பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நிழலில் செங்குத்தாக நிறுத்திக் காய வையுங்கள். பழைய காகித உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு பாலிதீன் உள்ளுறை வாங்குங்கள், பிவிசி உறை வேண்டாம், நாளானால் தட்டின் மேல் மங்கல் படியும். வீட்டில் தாத்தா காலத்து 78 ஆர்பிஎம் தட்டுகள் இருந்தால் அவற்றில் ஆல்கஹால் ஒரு துளியும் படக்கூடாது. அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும். அவற்றை இந்த மெஷினில் போடவும் முடியாது. உங்களுடையதைப் போன்ற பழைய எல்பி12 பெரும்பாலும் 33⅓ மட்டும்தான் ஓடும், 45க்கே புல்லியின் மேல் ஒரு சின்ன அடாப்டர் மாட்ட வேண்டும்.

இந்த வாரம் எண்ணெய்த் தடத்தையும் ஆட்டத்தையும் பார்த்து, அடித்தட்டைக் கழற்றி உள்ளே எந்த போர்டு இருக்கிறது என்று ஒரு படம் எடுங்கள், பிளக் சுவரில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு. அடித்தட்டைக் கழற்ற மெஷினைப் புரட்ட வேண்டியிருக்கும். அதற்கு முன் வெளி பிளாட்டர், பெல்ட், உள் பிளாட்டர் மூன்றையும் எடுத்துவிட்டு, குழாய் வாயை அடைத்து, ஆர்மைப் பூட்டுங்கள். பக்கவாட்டில் நிறுத்தினால் போதும், தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள். படத்தையும் கார்ட்ரிட்ஜின் பெயரையும் அனுப்புங்கள், ஊசியைப் பற்றி அப்போது இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.